பெல் ஹவுசிங் ஒட்டல, போல்ட் போட்டு இழுக்கலாமா?

கேள்வி:

அண்ணே, நான் ஷார்ஜா இண்டஸ்ட்ரியல் ஏரியால ஒரு கேரேஜ்ல ரெண்டு வருஷமா வேல பாக்குறேன். ஊர்ல மேனுவல் கியர்பாக்ஸ் இறக்கி ஏத்தி தான் பழக்கம், ஆட்டோமேட்டிக் எல்லாம் இங்க வந்து கத்துக்கிட்டது. இப்ப கைல இருக்கறது 2005 மாடல் ஷெவர்லே டாஹோ, 5.3 லிட்டர் வி8, 4எல்60ஈ கியர்பாக்ஸ். கியர்பாக்ஸ் வெளிய ஓவரால் பண்ணி வந்துச்சு, டார்க் கன்வெர்ட்டர் (இன்ஜின் சுத்தறத ஆயில் வழியா கியர்பாக்ஸுக்கு கடத்தற உருண்ட டப்பா) தனியா வந்துச்சு, நான் தான் மாட்டினேன். ரெண்டு தடவ டக்கு டக்குன்னு உள்ள போச்சு, சரி உக்காந்துடுச்சுன்னு நெனச்சு ஜாக்கில வச்சு ஏத்திட்டேன். இப்ப பெல் ஹவுசிங்குக்கும் (கியர்பாக்ஸோட முன்பக்கம் மணி மாதிரி இருக்கற கூடு) இன்ஜின் பிளாக்குக்கும் நடுவுல சுத்தி ஒரே மாதிரி 10 மில்லி கேப் நிக்குது. ரெண்டு போல்ட் போட்டு இழு, தானா உக்காந்துடும்னு ஃபோர்மேன் சொல்றாரு. நானும் ரெண்டு பக்கமும் கொஞ்சம் டைட் வச்சேன், பாரம் ஏறிக்கிட்டே போச்சு, பயந்து நிறுத்திட்டேன். மூணு தடவ சத்தம் வரணும்னு பக்கத்து கேரேஜ்காரர் சொல்றாரு. எது சரி? முழுசா உக்காந்துச்சான்னு எத வச்சு உறுதியா தெரிஞ்சுக்கறது?

பதில்:

தம்பி, மொதல்ல அந்த ரெண்டு போல்ட்டயும் லூஸ் பண்ணி வெளிய எடுத்துடுங்க. மத்ததெல்லாம் அப்புறம் படிக்கலாம். நிறுத்தினீங்க பாருங்க, அது உங்க கை சொன்னது, அந்தக் கைய நம்புங்க. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்ல பெல் ஹவுசிங் பிளாக்கோட ஒட்டறது கையால தள்ளியே நடக்கணும், பிளாக்ல நேர் பிடிக்க நீட்டிக்கிட்டு இருக்கற ரெண்டு டவல் பின்லயும் ஏறி சுத்தி முழுக்க உலோகத்தோட உலோகம் ஒட்டி நிக்கணும், அதுக்கப்புறம் தான் போல்ட்டுக்கே வேல. போல்ட் இருக்கறது ஒட்டினத பிடிச்சு வைக்க, ஒட்டாதத இழுத்து ஒட்ட வைக்க இல்ல.

உங்க ஃபோர்மேன குத்தம் சொல்லல. மேனுவல் கியர்பாக்ஸ் ஏத்தறப்போ ஷாஃப்ட் கிளட்ச் டிஸ்க்ல கோத்துக்கிட்டதுக்கு அப்புறம் கடைசி நாலஞ்சு மில்லி பைலட் பேரிங்ல டைட்டா நிக்கும், அப்ப நெறைய பேர் போல்ட்ட மாத்தி மாத்தி கொஞ்சம் கொஞ்சமா டைட் வச்சு கொண்டு வந்துடுவாங்க, அதுவும் நல்ல பழக்கம் இல்ல, ஆனா பெரும்பாலும் தப்பிச்சுக்கும். அதே பழக்கம் ஆட்டோமேட்டிக்குக்கு வந்தா தப்பிக்காது, ஏன்னா இங்க நடுவுல நிக்கறது ஒரு பேரிங் இல்ல, ஆயில் பம்ப்.

ஏன் நிக்குதுன்னு புரிஞ்சுக்கங்க, புரிஞ்சா யார் சொல்லியும் இழுக்க மாட்டீங்க. கன்வெர்ட்டர் கியர்பாக்ஸ் மேல உக்காரும்போது மூணு எடத்துல கோத்துக்கணும். நட்டநடுவுல இன்புட் ஷாஃப்ட், அது கன்வெர்ட்டர் உள்ள இருக்கற டர்பைன் சக்கரத்தோட ஸ்ப்ளைன்ல, அதாவது நீளவாட்டுல வெட்டின பல்லுல, போகணும். அந்த ஷாஃப்ட்ட சுத்தி பம்ப்ல இருந்து நீட்டிக்கிட்டு ஒரு குழாய் இருக்கே, சுத்தாம அப்படியே நிக்குமே, அதோட வெளிப்பக்க ஸ்ப்ளைன் கன்வெர்ட்டர் உள்ள ஆயில திருப்பி விடற ஸ்டேட்டர் சக்கரத்துக்கு. மூணாவது, கன்வெர்ட்டரோட கழுத்து, அந்தக் கழுத்து நுனில வெட்டு இருக்கும், அந்த வெட்டு ஆயில் சீல தாண்டி உள்ள போய் பம்ப்ப சுத்தற பல்லுல சிக்கணும். முதல் ரெண்டும் ஸ்ப்ளைன், நெறைய பல்லு, லேசா திருப்பினாலே ஏதாவது ஒண்ணுல விழுந்துடும். மூணாவதுல வெட்டே ரெண்டு தான், கிட்டத்தட்ட அரை சுத்து திருப்பினா தான் அடுத்த வாய்ப்பே வரும், அதனால பெரும்பாலும் அங்க தான் மாட்டிக்கிட்டு நிக்கும். உங்க வண்டிலயும் அது தான் நடந்திருக்கும்னு நெனைக்கறேன். ரெண்டு ஸ்ப்ளைனும் கோத்துக்கிச்சு, ரெண்டு சத்தம் கேட்டுச்சு, கழுத்து நுனி பம்ப் ரோட்டரோட பல்லு மேல ஏறி நிக்குது.

இப்ப போல்ட் போட்டு இழுத்தா என்ன ஆகும், கன்வெர்ட்டர் முன்னால ஃபிளெக்ஸ் பிளேட்ல (கிராங்க் பின்னால மாட்டியிருக்கற மெல்லிசு தட்டு) முட்டிக்கிட்டு இருக்கு, பின்னால பம்ப் ரோட்டர்ல முட்டிக்கிட்டு இருக்கு, நீங்க போடற ஒவ்வொரு சுத்தும் அந்த ரெண்டுக்கும் நடுவுல தான் போய் அழுத்தும். 4எல்60ஈல இருக்கறது வேன் பம்ப், ரோட்டர்ல மெல்லிசு மெல்லிசா வேன் சொருகி இருக்கும், அந்த ரோட்டர் சுத்தறத தாங்கும், பக்கவாட்டுல இருந்து வர்ற நசுக்கல தாங்காது, விரிசல் விட்டுடும். அந்த அழுத்தம் முன்னாலயும் போகும், ஃபிளெக்ஸ் பிளேட் வளையும், அது கிராங்க தள்ளும், கிராங்க் முன்னும் பின்னும் நகராம பிடிக்கற த்ரஸ்ட் பேரிங் தாங்கிக்கிட்டு நிக்கும். ஒரு ரேட்செட்ல ரெண்டு கைப்பிடி பண்ற வேல, கியர்பாக்ஸ் இன்ஜின் ரெண்டையும் சேத்து கெடுக்கும்.

நான் இத பாத்து கத்துக்கல, பண்ணி கத்துக்கிட்டேன். இங்க வந்த புதுசுல ஒரு ஷெவர்லே கேப்ரிஸ் கார், அதுலயும் இதே 4எல்60ஈ தான், இதே மாதிரி கேப், என்னோட கேப் இன்னும் கொஞ்சம் கம்மி. எனக்கும் ஒருத்தர் இழுன்னு சொன்னாரு, இழுத்தேன். நாலாவது போல்ட் டைட் ஏறும்போது மொட்டையா ஒரு சத்தம் வந்துச்சு, கட்டைல சுத்தியலால தட்டின மாதிரி, அதோட பெல் ஹவுசிங் ஒட்டிக்கிச்சு. ஒட்டிக்கிச்சேன்னு சந்தோஷப்பட்டேன். ஆயில் ஊத்தி ஸ்டார்ட் பண்ணினா டி போட்டாலும் ஆர் போட்டாலும் வண்டி அசையல, உள்ள இருந்து ஒரு இழுவ சத்தம் மட்டும் வருது. திரும்ப இறக்கி பம்ப்ப பிரிச்சா ரோட்டர் மூணு துண்டா கைல வந்துச்சு, பொடி எல்லா பக்கமும் போயிருந்துச்சு. வண்டிக்காரர் குடும்பத்தோட மஸ்கட் போறதுக்கு வச்சிருந்த வண்டி அது, மூணு நாள் லீவும் போச்சு அவருக்கு. அவர் முகம் எனக்கு இன்னும் மறக்கல. அதனால தான் இந்த ஒரு விஷயத்துல இவ்வளவு அழுத்தி சொல்றேன்.

சரி, இறக்கறதுக்கு முன்னாடி ஒரு சோதனை பண்ணுங்க, அஞ்சு நிமிஷம் தான். ஸ்டார்டர் மோட்டார் கழட்டின ஓட்டை வழியா விரல விட்டோ நீள ஸ்க்ரூ டிரைவர விட்டோ கன்வெர்ட்டர மட்டும் தனியா திருப்பி பாருங்க, ஃபிளெக்ஸ் பிளேட் சுத்தாம கன்வெர்ட்டர் மட்டும் சுத்தணும். சுத்தாம இறுக்கமா நின்னா சந்தேகமே இல்ல, கன்வெர்ட்டர் உக்காரல. நல்லா ஃப்ரீயா சுத்துது, பின்னால தள்ளினா தள்ளவும் முடியுது, ஆனாலும் பெல் ஹவுசிங் ஒட்டலன்னா கன்வெர்ட்டர் மேல பழி போடாதீங்க, வேற ஏதோ நடுவுல மாட்டிக்கிச்சு. வயரிங், டிப்ஸ்டிக் குழாய், மேல பிராக்கெட், டவல் பின் ஓட்டைல துரு, இல்ல கியர்பாக்ஸ் சாஞ்சு நிக்குது. சாஞ்சிருந்தா கேப் ஒரே மாதிரி இருக்காது, கீழ ஒட்டி மேல தெறந்து நிக்கும், இல்ல அதுக்கு நேர்மாறா இருக்கும். உங்க கேப் சுத்தி ஒரே அளவுன்னு எழுதியிருக்கீங்க, அதனால தான் எனக்கு கன்வெர்ட்டர் மேல சந்தேகம்.

மூணு சத்தமா ரெண்டு சத்தமான்னு கேட்டீங்க. பக்கத்து கேரேஜ்காரர் சொன்னது தப்பு இல்ல, மூணு எடம் இருக்கறதால மூணு படி. ஆனா சத்தத்த எண்ணி முடிவு பண்ணாதீங்க. சில சமயம் ரெண்டு ஸ்ப்ளைனும் ஒரே நேரத்துல கோத்துக்கும், அப்ப ரெண்டே சத்தத்துல முழுசா உக்காந்துடும். சில சமயம் ஸ்ப்ளைன் விளிம்புல தட்டி தட்டி வந்து நாலு சத்தம் கூட கேக்கும், ஆனா பம்ப்ல விழுந்திருக்காது. பழைய ஆளுங்க கூட இதுல ஏமாந்திருக்காங்க. சத்தம் கேட்டா நல்லது, நம்ப வேண்டியது அளவ.

அளவு எடுக்கறது இப்படி. கியர்பாக்ஸ் கீழ இருக்கும்போது பெல் ஹவுசிங் முகத்துல குறுக்க ஒரு நேரான பட்டைய வைங்க, நல்ல ஸ்டீல் ஸ்கேல் போதும், வளையாம இருக்கணும். அங்க இருந்து கன்வெர்ட்டர்ல ஃபிளெக்ஸ் பிளேட் போல்ட் போடற மேடை வரைக்கும் ஆழத்த வெர்னியரோட வால் பக்கத்தால அளங்க. மூணு மேடைலயும் அளங்க, மூணும் கிட்டத்தட்ட ஒண்ணா வரணும். இப்ப இன்ஜின் பக்கம் போங்க, பிளாக்கோட பின் முகத்துல இருந்து ஃபிளெக்ஸ் பிளேட்ல அதே போல்ட் வர்ற எடம் வரைக்கும் எவ்வளவு வெளிய நீட்டிக்கிட்டு இருக்குன்னு அளங்க. முதல் அளவுல இருந்து ரெண்டாவது அளவ கழிங்க. ஒரு பேச்சுக்கு கியர்பாக்ஸ் பக்கம் 28, இன்ஜின் பக்கம் 24 னு வந்தா மிச்சம் 4 மில்லி, அது தான் ஏத்தினப்புறம் கன்வெர்ட்டருக்கும் ஃபிளெக்ஸ் பிளேட்டுக்கும் நடுவுல நிக்கப் போற கேப். இந்த 28, 24 உங்க வண்டி அளவு இல்ல, கணக்கு புரியறதுக்கு போட்டேன், நீங்க அளந்து பாத்துக்கங்க.

அந்த மிச்சம் எவ்வளவு இருக்கணும்? நம்ம லேத் பட்டறை கணக்குல சொன்னா ஒரு நூல்ல இருந்து ஒன்றரை நூல் வரைக்கும், அதாவது 3.2 மில்லில இருந்து 4.8 மில்லி. ஜிஎம் கியர்பாக்ஸ்ல பொதுவா எல்லாரும் வச்சுக்கற அளவு இது. கழிச்சா மைனஸ்ல வந்தா கன்வெர்ட்டர் உக்காரவே இல்ல, ஏத்தாதீங்க. பூஜ்யம், ஒரு மில்லி, ரெண்டு மில்லின்னு வந்தாலும் ஏத்தாதீங்க, ஓடறப்போ சூடு ஏறி பிரஷர் ஏறி கன்வெர்ட்டர் கொஞ்சம் உப்பும், அது பின்னால நகர எடம் வேணும். அதே மாதிரி ரொம்ப அதிகமா 7, 8 மில்லின்னு வந்தாலும் அப்படியே விடக் கூடாது, ஃபிளெக்ஸ் பிளேட் போல்ட் டைட் வச்சா கன்வெர்ட்டர் அவ்வளவு தூரம் முன்னால வந்துடும், கழுத்து பம்ப் பல்லுல நுனியளவு தான் பிடிச்சுக்கிட்டு நிக்கும், கொஞ்ச நாள்ல அந்த நுனிய தின்னுடும். அப்படி வந்தா மொதல்ல வந்த கன்வெர்ட்டர் இந்த வண்டியோடது தானா, ஃபிளெக்ஸ் பிளேட் திருப்பி மாட்டியிருக்கான்னு பாருங்க, ரெண்டும் சரின்னா மூணு மேடைலயும் ஒரே தடிமன்ல கெட்டி வாஷர் வச்சு அளவுக்கு கொண்டு வரணும். ஓவரால் பண்ணின எடத்துல இருந்து கன்வெர்ட்டர் தனியா வந்துச்சுன்னு சொன்னீங்க, அதனால பழைய கன்வெர்ட்டர் இருந்தா பக்கத்துல வச்சு கழுத்து நீளம், முன்னால கிராங்க்ல சொருகற மூக்கு, மேடை உயரம் மூணையும் ஒப்பிட்டு பாத்துடுங்க.

டொயோட்டா வேல வந்தா இதே கணக்கு தான், அவங்க மேனுவல்லயே நேர் பட்டையும் காலிப்பரும் வச்சு அளக்கச் சொல்லி அந்த கியர்பாக்ஸுக்கு இத்தனை மில்லின்னு போட்டிருப்பாங்க, அதுக்கு கம்மியா வந்தா சரியா மாட்டலன்னு அர்த்தம்.

இப்ப இறக்கி திரும்ப மாட்டறதுக்கு முன்னாடி பழுதா இருக்கான்னு பாக்கணும், ஏன்னா நீங்க கொஞ்சம் டைட் வச்சுட்டீங்க. கன்வெர்ட்டர வெளிய எடுத்து கழுத்து நுனிய வெளிச்சத்துல வச்சு பாருங்க, அந்த வெட்டோட ஓரத்துல இல்ல நுனி வட்டத்துல புதுசா பளபளன்னு நசுங்கின தடம் இருக்கா? இருந்தா பம்ப்ப கழட்டி ரோட்டர கைல எடுத்து பாக்காம ஏத்தாதீங்க, கியர்பாக்ஸ் கீழ இருக்கும்போது பம்ப் கழட்டறது பெரிய வேல இல்ல, ஏத்தினப்புறம்னா திரும்ப ரெண்டு நாள். தடமே இல்ல, நீங்களும் உண்மையாவே கொஞ்சம் தான் டைட் வச்சீங்கன்னா தப்பிச்சிருக்கலாம். சீலோட உதடு மடங்கியிருந்தா புது சீல் போட்டுடுங்க, காசு கம்மி. ஃபிளெக்ஸ் பிளேட்ல கிராங்க் போல்ட் சுத்தி மயிரிழை விரிசல் இருக்கான்னு துணியால தொடச்சு பாருங்க, இன்ஜின ஒரு சுத்து சுத்தி விட்டு தட்டு ஆடுதான்னும் பாத்துக்கங்க. கேரேஜ்ல டயல் கேஜ் இருந்தா கிராங்க முன்னும் பின்னும் லிவர் போட்டு அசைச்சு எண்ட் ப்ளே பாத்துடுங்க, இந்த இன்ஜினுக்கு 0.04ல இருந்து 0.2 மில்லிக்குள்ள இருக்கணும்.

மாட்டறது எப்படின்னு நான் பண்றத சொல்றேன். கன்வெர்ட்டர்ல ஒரு லிட்டர் ஆயில் ஊத்திக்கங்க, டெக்ஸ்ரான் 6, முதல் ஸ்டார்ட்ல பம்ப் காஞ்சு ஓடாம இருக்க அது உதவும். கழுத்துலயும் சீல்லயும் அதே ஆயில தடவுங்க. இன்புட் ஷாஃப்ட் நுனில ஒரு சின்ன ஓ ரிங் இருக்கும், அது இருக்கா, கிழியாம இருக்கான்னு பாருங்க, அதுலயும் ஆயில் வைங்க, அது வெட்டுப்பட்டா லாக்-அப் (ஓடறப்போ கன்வெர்ட்டர இன்ஜினோட நேரடியா பூட்டற கிளட்ச்) சரியா பிடிக்காம உங்கள வேற எடத்துல தேட வைக்கும். அப்புறம் டார்ச் அடிச்சு சீல் வழியா உள்ள பாருங்க, பம்ப்போட ரெண்டு பல்லும் எந்தப் பக்கம் நிக்குதுன்னு தெரியும், அதுக்கு நேரா பெல் ஹவுசிங் விளிம்புல மார்க்கரால ஒரு கோடு. கன்வெர்ட்டர்ல வெட்டு எந்தப் பக்கம்னு பாத்து அதுக்கு நேரா வெளி விளிம்புல இன்னொரு கோடு. ரெண்டு கோட்டையும் நேரா வச்சு உள்ள விடுங்க. இந்த ஒரு நிமிஷ வேல உங்களுக்கு அரை மணி நேரம் மிச்சம் பண்ணும்.

முடிஞ்சா கியர்பாக்ஸ வால் கீழ இருக்கற மாதிரி செங்குத்தா நிறுத்தி மேல இருந்து கன்வெர்ட்டர இறக்குங்க, வால் பக்கம் ஆயில் ஒழுகாம ஒரு மூடி போட்டுட்டு. அப்படி நிறுத்தினா கன்வெர்ட்டரோட கனமே உங்களுக்கு வேல செய்யும், நீங்க திருப்பி மட்டும் விட்டா போதும். படுக்க வச்சு மாட்டறதா இருந்தா ஒரு கை அடில தாங்கிக்கிட்டே இருக்கணும், கனம் சீல் மேல தொங்கக் கூடாது. ரெண்டு கையாலயும் விளிம்ப பிடிச்சு இப்படி கால் சுத்து அப்படி கால் சுத்து, கூடவே லேசா குலுக்கி உள்ள தள்ளுங்க, அடிக்காதீங்க, சுத்தியல் கிட்டயே வரக் கூடாது. கடைசிப் படி விழறது தனியா தெரியும், நல்ல ஆழமா திடுக்குன்னு ஒரு எறக்கம். அதுக்கப்புறம் திருப்பி பாருங்க, அது வரைக்கும் காத்தாட்டம் சுத்தின கன்வெர்ட்டர் இப்ப கொஞ்சம் கனமா சுத்தும், உள்ள ஆயில் களக் களக்னு உறிஞ்சற சத்தம் கூட வரும், ஏன்னா இப்ப நீங்க பம்ப்பயும் சேத்து சுத்தறீங்க. அந்தக் கனம் கைல பட்டா தான் நான் ஸ்கேலயே எடுப்பேன்.

அளந்து சரியா வந்துச்சுன்னா அதோட முடிஞ்சதுன்னு விடாதீங்க, இன்னொரு எடத்துல கோட்ட விடுவோம். கியர்பாக்ஸ ஜாக்கில வச்சு உள்ள தள்ளும்போது முன்பக்கம் கொஞ்சம் கீழ சாஞ்சா போதும், உக்காந்த கன்வெர்ட்டர் மெதுவா வழுக்கி முன்னால வந்துடும், பம்ப் பல்லுல இருந்து கழண்டுக்கும், நமக்குத் தெரியாது. நெறைய பேர் கீழ சரியா மாட்டிட்டு ஏத்தறப்போ தான் கெடுத்துடறாங்க, உங்களுக்கும் அப்படி நடந்திருக்க வாய்ப்பு இருக்கு. பெல் ஹவுசிங் ஓட்டைல ஒரு பட்டைய குறுக்க போல்ட் போட்டு கன்வெர்ட்டர் முன்னால வராம தடுத்து வைங்க, பிளாக்குக்கு கிட்ட வந்ததும் அத கழட்டிடலாம், அது வரைக்கும் முன்பக்கம் எப்பவும் கொஞ்சம் தூக்கலாவே இருக்கட்டும். கன்வெர்ட்டரோட முன் மூக்குல துளி கிரீஸ், டவல் பின் ரெண்டும் பிளாக்ல இருக்கான்னு ஒரு பார்வை. ஒரு பின் இல்லன்னாலும் ஏத்தாதீங்க, சென்டர் விலகி சீல் ஒழுகும், பம்ப் புஷ் தேயும்.

இப்ப தள்ளினா பெல் ஹவுசிங் கையாலயே வந்து ஒட்டும். ஒட்டினதும் நாலஞ்சு போல்ட்ட கையால போட்டு, திரும்ப ஸ்டார்டர் ஓட்டை வழியா கன்வெர்ட்டர சுத்தி பாருங்க. ஃப்ரீயா சுத்தணும், பின்னால தள்ளிட்டு ஃபிளெக்ஸ் பிளேட்டுக்கு நடுவுல 3 மில்லி டிரில் பிட்ட விட்டா உள்ள போகணும். போச்சா, மிச்ச போல்ட் எல்லாம் போட்டு டைட் வைங்க. அப்புறம் தான் கன்வெர்ட்டர முன்னால இழுத்து ஃபிளெக்ஸ் பிளேட் போல்ட் மூணும், மூணையும் கையால போட்டுட்டு கடைசியா டைட், அதே நீளம் அதே போல்ட் தான் போடணும், நீளமான போல்ட் போட்டா கன்வெர்ட்டர் முகத்த வெளிய இருந்து உள்பக்கமா குத்தி லாக்-அப் கிளட்ச் உக்கார்ற எடத்த கெடுத்துடும்.

ஃபோர்மேன் கிட்ட எப்படி சொல்றதுன்னு நீங்க கேக்கல, ஆனா அதுவும் உங்க மனசுல இருக்கும்னு தெரியுது. வாதம் பண்ணாதீங்க. இறக்கினதும் அவர கூப்புட்டு ஸ்கேல அவர் கைலயே குடுத்து கன்வெர்ட்டர் உக்காரறதுக்கு முன்னாடி ஒரு தடவ அளக்க விடுங்க, மாட்டினதுக்கு அப்புறம் ஒரு தடவ அளக்க விடுங்க. அத்தன மில்லி வித்தியாசத்த கண்ணால பாத்தவர் அடுத்த வண்டில இழுன்னு சொல்ல மாட்டாரு.

ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி டிப்ஸ்டிக் குழாய் வழியா ஒரு 5 லிட்டர் ஊத்திடுங்க, ஓடினதும் நிறுத்தாம மிச்சத்த ஊத்துங்க, முழுசா காலியான கியர்பாக்ஸ் கன்வெர்ட்டரோட சேத்து 10 லிட்டருக்கு மேல குடிக்கும். பார்க்ல ஐடில்ல வச்சு ஒவ்வொரு கியரா ரெண்டு செகண்ட் போட்டு எடுங்க. முதல் பத்து பதினஞ்சு செகண்ட்ல ஆர் போட்டா வண்டி பிடிக்கணும், இழுவ சத்தம் வந்தாலோ பிடிக்கலன்னாலோ ஆக்சிலரேட்டர் மிதிச்சு பாக்காம உடனே ஆஃப் பண்ணிடுங்க. நல்லா சூடானப்புறம் ஓடிக்கிட்டு இருக்கும்போதே லெவல் பாத்து சரி பண்ணிட்டு, பெல் ஹவுசிங் அடில ஒரு அட்டைய விரிச்சு விட்டு ராத்திரி முழுக்க நிறுத்துங்க, காலைல அந்த அட்ட காஞ்சு இருந்தா சாவிய ஓனர் கைல குடுக்கலாம்.